கம்பி வலை வீடு

ஜன்னலெல்லாம் கம்பி வலை அடித்திருந்த எங்கள் வீட்டுக்குக் கோழிக்கூண்டு என்று பெயர் வைத்தது ரயிலில் போகிறவர்கள். ஒரிஸ்தானோ ஊரிலிருந்து தெற்கே போகிற வண்டி எங்கள் ரயில்வே கேட்டுக்கு வந்ததும் மெதுவாகும். ஜன்னலில் முழங்கையை ஊன்றியபடி எவனாவது ஒருத்தன் கோழி மாதிரி கொக்கரிப்பான், பெட்டி முழுக்கச் சிரிக்கும். நான் வாளியும் கையுமாகக் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு முகம் மஞ்சள் பூத்திருக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு பானையாகத் தள்ளியிருக்கும். வருஷா வருஷம் நாள் விட்டு நாள் குளிரெடுக்கிற முறைக்காய்ச்சலில் விழுந்து எழுகிற ஜனங்கள் அவர்கள். நியாயமாகப் பார்த்தால் எனக்குத்தான் சிரிப்பு வரவேண்டும். வந்ததில்லை. அந்த வீட்டில் அதற்குள் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தவள் நான்.

என் புருஷன் எஃபிஸ் அந்தக் கேட்டுக்குக் காவல். தண்டவாளத்தைப் பார்க்கவேண்டும், கொடி காட்டவேண்டும், மாட்டு வண்டிகளைத் தாண்ட விடவேண்டும். வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் சாஸு ஏரி. ஏரி என்று பேர்தான்; பாதி நாணல், பாதி சேறு, மிச்சம் ஏதாவது இருந்தால் அது தண்ணீர். ஜூன் பிறந்தால் வசதி உள்ளவன் மலைக்கு ஏறிவிடுவான். ரயில்காரன் எங்கே ஏறுவது? ஏரியிலிருந்து கெட்ட காற்று வருகிறது, அதுதான் காய்ச்சல் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். நானும் பொழுது சாய்ந்ததும் ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டு, உள்ளே புழுங்கிச் சாவேன். அப்படியும் மூத்தவன் நடக்கத் தொடங்கிய கோடையில் போனான். அடுத்தவள் பல் முளைக்கும் முன்பே போனாள். மூன்றாவது உண்டானபோது ஒரிஸ்தானோவுக்குப் பக்கத்தில் இருக்கிற ரெமேதியோ மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து போய் நேர்ந்துகொண்டேன். பெண் பிறந்தாள். மாதா பெயரையே வைத்தோம்: ரெமேதியா. வாய்க்கு வந்தபடி மேதியா என்று கூப்பிட்டோம்.

அவளுக்கு நாலு வயது முடிந்த வசந்தத்தில் டாக்டர் பெல்லோனி வந்தார். அக்கரையிலிருந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்து இத்தாலியிலிருந்து வந்தவர். அரசாங்கம் உப்புக் கடையிலும் புகையிலைக் கடையிலும் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை விற்கத் தொடங்கிய புதிது அது. ரயில் கம்பெனி ஆட்கள் இரண்டு பேரோடு தள்ளுவண்டியில் தண்டவாளத்தின் மேலேயே வந்து இறங்கினார். வண்டி நிறையக் கம்பி வலைச் சுருள்.

"கொசுதாம்மா காய்ச்சலைக் கொண்டு வருது," என்றார்.

"கொசுவா? அது ஆதாம் காலத்துலேருந்து கடிக்குதே," என்றார் என் புருஷன்.

"காய்ச்சலும் ஆதாம் காலத்துலேருந்துதான் இருக்கு."

ஜன்னல் எல்லாவற்றுக்கும் வலை அடித்தார்கள், புகைபோக்கிக்கும் அடித்தார்கள். வாசலில் வலையாலேயே ஒரு சின்ன அறை கட்டி, அதற்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு கதவு வைத்தார்கள். ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்கவேண்டும். பொழுது சாய்ந்தபின் எவரும் வெளியே போகக்கூடாது.

"மாத்திரை?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வேண்டாம். வலை வச்ச வீட்டுக்கு வலை மட்டும். அடுத்த கேட் வீட்டுக்கு மாத்திரை மட்டும். ரெண்டையும் ஒரே வீட்டுக்குக் கொடுத்தா எது காப்பாத்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

படித்தவர் கேட்கிற கேள்வி. அன்றைக்கு எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் குளிர்காய்ச்சல் வரவில்லை. ஜூலை போனது, ஆகஸ்ட் போனது, திராட்சை பறித்தார்கள், முதல் மழையும் பெய்தது. மேதியா கன்னம் சிவக்க ஓடிக்கொண்டிருந்தாள். கொசுவைப் பற்றி டாக்டர் சொன்னதை நம்பினேனா, தெரியாது. வலையை நம்பினேன். அதற்கப்புறம் அந்த இரண்டு கதவுகளுக்கு நான்தான் எஜமானி. யாராவது இரண்டையும் சேர்த்துத் திறந்தால் துடைப்பத்தோடு நிற்பேன்.

"மோட்சத்துச் சாவி வச்சிருக்கிற பேதுருகூட இவ்வளவு கெடுபிடி பண்ணமாட்டார்," என்பார் என் புருஷன்.

"அவர் கிட்ட வர்றவங்க ஏற்கெனவே செத்தவங்க. அவருக்கென்ன கவலை," என்பேன்.

மறு வசந்தத்தில் ஒரு பையன் பிறந்தான். ஆந்தியோகு. எனக்குப் பிறந்தவர்களில், நான் பயமில்லாமல் முகம் பார்த்த முதல் குழந்தை அவன்தான்.

பேரனைப் பார்க்கவேண்டும் என்று ஜூலையில் மாமனார் சிசின்னு மலையிலிருந்து இறங்கி வந்தார். ஆடு மேய்த்தவர். கூரைக்குக் கீழே தூங்கிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதல் நாளே வலைக் கதவில் மூக்கை இடித்துக்கொண்டார்.

"மருமகளே, இதென்ன, பாலாடைக்கட்டி வைக்கிற அலமாரியா? என்னையும் உள்ள வச்சுப் பூட்டிட்டியே, நான் புளிச்சுப்போவ மாட்டேனா?"

"புளிச்சா என்ன மாமா, பழைய கட்டிக்குத்தான் விலை கூடும்."

அவர் சிரித்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். மேதியாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பெயர் சொல்லுவார். அவளும் மனப்பாடமாகத் திருப்பிச் சொல்லுவாள். ஆனால் சாயங்காலம் ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. வலையோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் கிணற்றடியில் விழுந்தார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது, வாய் கோணியது, பேச்சு போனது. தந்தி போய், என் புருஷனின் அக்கா பவுலிக்கா வந்து இறங்கினாள். மலை ஊர்களில் அவளுக்குப் பெரிய பெயர். அவள் ஒப்பாரி வைத்தால் செத்தவனே எழுந்து உட்கார்ந்து அழுவான் என்பார்கள். வந்ததும் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள், சில்லிட்டிருந்தது. சாவுக்கு வேண்டியதையெல்லாம் அடுக்கத் தொடங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அப்பா மேல் அவளுக்கு உயிர்.

ஆனால் கிழவருக்கு உயிர் போகவில்லை. இழுத்துக்கொண்டு கிடந்தது. மூச்சு நின்றுவிட்டது என்று எல்லாரும் முட்டி போடுவோம். மறுபடி ஒரு பெரிய மூச்சு வரும். எங்கள் பக்கத்தில் இப்படி நேர்ந்தால் தலையணைக்கு அடியில் ஒரு சின்ன மரநுகம் வைப்பது வழக்கம். நுகத்தடியை எரித்தவனுக்கும் எல்லைக்கல்லை நகர்த்தியவனுக்கும் உயிர் எளிதில் பிரியாது, நுகம் வைத்தால் அந்தப் பாவம் கழியும் என்பார்கள். பவுலிக்கா பாவாடைப் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நுகத்தை எடுத்து வைத்தாள். அறையிலிருந்த மாதா படத்தையும் சிலுவையையும் வெளியே எடுத்தாள், அவை உயிரைப் பிடித்து வைக்கக்கூடாதே என்று. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஜன்னலண்டை போய் நின்றாள்.

"வழியில்லாம எப்படிப் போவும்?" என்றாள். "எஃபிஸ், இந்தச் சல்லடையில அப்பா உயிரு எப்படிடா நுழையும்?"

எங்களில் சாகிறவருக்கு ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும். திறக்காத வீட்டில் உயிர் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு கிடக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் நானே திறந்து வைத்தேன். ஆனால் அப்போது திறந்தால் திறந்ததுதான். இப்போது மரக்கதவுகளைத் திறந்தாலும் வலை நின்றது.

"மதினி, உயிருக்கு உடம்பு ஏது? கொசு நுழையாத ஓட்டையில உயிரு நுழையாதா?" என்றேன்.

"கேட்டியாடா உன் பொண்டாட்டி பேச்சை. கொசு நுழையாததுல உயிரு நுழையுமாம். அப்ப காலங்காலமா ஜன்னலை எதுக்குடி தொறக்குறோம், காத்து வாங்கவா?"

"என் பிள்ளைங்க இந்த வீட்டுலதான் இருக்கு மதினி."

"எங்கப்பாவும் இந்த வீட்டுலதான் இருக்காரு."

சாகிறவருக்குச் செய்கிற அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வந்த சாமியாரிடம் நானே கேட்டேன். "உயிருக்கு இரும்பு ஒரு பொருட்டாம்மா? உயிர்த்தெழுந்த ஆண்டவர் பூட்டின கதவு வழியா வரலையா?" என்றார். எனக்கு நிம்மதி. பவுலிக்கா ஒரு கும்பா அவரைக்கொட்டைச் சாறும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்து, எதிரில் நின்று அவரையே பார்த்தாள். சாமியார் வாயைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் வழக்கம்னு ஒண்ணு இருக்கு. அதுலயும் பாவம் ஒண்ணுமில்ல," என்றார். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்குகள் எங்கள் ஏரியில் நிறைய உண்டு. அன்றைக்கு ஒன்று அங்கி போட்டுக்கொண்டு வந்திருந்தது.

என் புருஷன் அப்பாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கை அடிக்கடி மேலே எழுந்து ஜன்னல் பக்கம் நீளும், பிறகு விழும். தண்ணீர் கேட்டாரோ, ஆட்டைத் தேடினாரோ, ஈயை ஓட்டினாரோ, யார் கண்டது? பவுலிக்காவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு முறை கை எழும்போதும், "பாரு, பாரு," என்பாள்.

பகல் சாய்கிற நேரத்தில் என் புருஷன் எழுந்து வேலைப் பெட்டியிலிருந்து கம்பி வெட்டும் கத்தரியை எடுத்தார்.

"ஏங்க, பிள்ளைங்களைப் பாருங்க," என்றேன்.

"அப்பா கண்ணு என்னையே பாக்குது சிதோரா. என்னால தாங்க முடியல. சின்ன ஓட்டைதான். போனதும் தைச்சிரலாம்."

ஒரு கை நுழையும் அளவுக்கு வெட்டினார். பவுலிக்கா அது போதாது என்று விளிம்பைப் பிடித்து இழுத்தாள். வலை ஜன்னல் பாதிக்குக் கிழிந்து தொங்கியது. உள்ளே ஏரிக் காற்று அடித்தது. மாமனார் ஒரு மூச்சு விட்டார், இன்னொன்று விட்டார், அவ்வளவுதான். விளக்கு ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த வீட்டில் என் வாய்க்கு மதிப்பே இல்லை. கண்ணால் பார்த்தாயிற்றே, இன்னும் என்ன பேச்சு?

ஓட்டையோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. பக்கத்து கேட்காரர்களும் வயல்காரர்களும் ரொட்டியும் பானையுமாக வந்துகொண்டே இருந்தார்கள். ரெட்டைக் கதவில் பெண்களின் பாவாடை சிக்கியது. எவனோ ஒரு நல்லவன் இரண்டு கதவுகளையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிவைத்துவிட்டான், கன்றுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி. நான் அவிழ்ப்பேன்; திரும்பிப் பார்ப்பதற்குள் யாராவது கட்டிவிடுவார்கள். பவுலிக்கா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். அப்பா மேய்த்த ஒவ்வொரு ஆட்டையும் பெயர் சொல்லி அழைத்து, இனி உங்களுக்கு யார் என்று கேட்டாள். அழுதுகொண்டே கொசு விரட்டினேன்.

பிள்ளைகள் இரண்டையும் உள்ளறைக் கட்டிலில் போட்டு, போர்வையைக் கூடாரமாகக் கட்டி, நானும் உள்ளே புகுந்துகொண்டேன். ஆகஸ்ட் வெக்கையில் ஆந்தியோகு அழுது அழுது நீலமாகிவிட்டான். என் புருஷன் வந்து போர்வையைத் தூக்கினார்.

"ஜனங்க கேக்குறாங்க. மருமக எங்கேன்னு. வந்து உக்காரு."

"நான் வரல. செத்தவருக்கு நான் அழுதா என்ன, அழலைன்னா என்ன? இதுங்களுக்கு நான் அழுற மாதிரி ஆயிரக்கூடாது."

"என் அப்பா சிதோரா."

அவர் முகத்தைப் பார்த்தேன். எழுந்து போனேன். ஆந்தியோகுவைத் தூக்கி மாராப்புத் துணிக்குள் முழுக்க மூடிக்கொண்டேன். மேதியாவை மூடி வைக்க முடியுமா? ஐந்து வயதுக் குழந்தை. தாத்தா ஏன் எழுந்திருக்கவில்லை என்று பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் பாதாம் மிட்டாய் கொடுத்தார்கள். அரைக்கை கவுனில், வெறுங்காலோடு, ஆட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தாத்தாவுக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்ததும் கிழிசலில் பழைய சட்டைத் துணியை வைத்துத் தைத்தேன். டாக்டருக்கு வண்டிக்காரர் மூலம் சொல்லி அனுப்பினோம். அவர் ஏதோ கூட்டத்துக்கு அக்கரை போயிருப்பதாகப் பதில் வந்தது. மாத்திரை வாங்க என் புருஷனை ஸ்டேஷன் கடைக்கு விரட்டினேன். கையை வீசிக்கொண்டு வந்தார். அறுவடைக்கு வந்த கூலி ஜனம் முழுவதும் காய்ச்சலில் கிடக்கிறதாம், பெட்டியோடு காலியாம், அடுத்த சரக்கு வரும்போது முதலில் நமக்குத்தான் என்று கடைக்காரன் சத்தியம் பண்ணினானாம். சத்தியத்தைக் கரைத்தா குடிப்பது? கொஞ்ச நாளில் கம்பெனி ஆட்கள் வந்து புது வலை அடித்துவிட்டுப் போனார்கள். பழையதைவிட நெருக்கமான வலை. திருடன் போனபின் போட்ட பூட்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் விட்ட பெருமூச்சு இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு நாள், உச்சி வெயிலில் மேதியா அடுப்படிக்கு வந்து, "அம்மா, குளுருது," என்றாள்.

வீட்டிலிருந்த போர்வை எல்லாம் போட்டும் கட்டில் ஆடியது. பிறகு உடம்பு கொதித்தது. பிறகு வியர்த்தது. வியர்த்தால் விட்டுவிடும் என்று காத்திருந்தோம், விடாமல் திரும்பியது. ஆட்டுப் பெயர்களைப் பிதற்றினாள், அப்புறம் அதுவும் நின்று, கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தாள். அன்றைக்குத்தான் டாக்டரின் தள்ளுவண்டி வந்தது. அவருக்கும் முகம் மஞ்சளாக இருந்தது. அக்கரையில் வாங்கி வந்த காய்ச்சலல்ல, எங்கள் ஊரில் வாங்கியதுதான்.

அவளுடைய இமையைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், ஊசி போட்டார். ஜன்னலைப் பார்த்தார். "வலை புதுசா இருக்கே?"

எல்லாவற்றையும் சொன்னேன். துக்கம் முடியட்டும் என்று தங்கிவிட்ட பவுலிக்கா மூலையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். டாக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பொழைப்பாளா?" என்று என் புருஷன் கேட்டார்.

"இது பொல்லாத வகைக் காய்ச்சல். மருந்து முந்தியே உள்ள போயிருக்கணும்."

"முந்தியே நான் கேட்டேன்," என்றேன். "வலையையும் குடுத்து மாத்திரையையும் குடுத்திருந்தா?"

"குடுத்திருக்கலாம்," என்றார்.

"ஏன் குடுக்கல?"

"சொன்னேனே அம்மா. எது காப்பாத்துதுன்னு தெரியாமப் போயிருக்கும்."

"தெரியாமப் போவட்டுமே. எனக்குத் தெரியவேண்டாமே."

அவர் பையைப் பூட்டினார். வாசலுக்குப் போய், ஒரு கதவைச் சாத்திவிட்டு மற்றதைத் திறக்கும் முன் நின்றார். "உங்க வீட்டை இனி கணக்குல சேர்க்க முடியாது," என்று என் புருஷனிடம் மெதுவாகச் சொன்னார். "வலை வச்ச வீட்டுல காய்ச்சல் வந்துச்சுன்னு எழுதினா அது தப்பு. வலை அறுந்ததாலதான் வந்திருக்கு. மத்த வலை வீட்டுல ஒருத்தருக்கும் வரல. வலை தோற்கலை."

"ஆமா, தோத்தது நாங்கதான்," என்றேன் உள்ளேயிருந்து.

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்ததா, அல்லது காய்ச்சல் கண்ணா, சொல்ல முடியாது. "சின்னவனைப் பத்திரமா வச்சுக்கோங்க. காய்ச்சல் காலம் இன்னும் முடியலை, அக்டோபர் வரைக்கும் கொசு இருக்கும். இருட்டுற நேரத்துல எதுக்காகவும் கதவைத் தொறக்காதீங்க. எதுக்காகவும்." ஆந்தியோகுவுக்குப் பொடி பண்ணிக் கொடுக்க மாத்திரை கொடுத்தார். ரெட்டைக் கதவையும் முறையாகச் சாத்திக்கொண்டு போனார்.

ஊசி மறுநாளும் ஒன்று போட ஆள் அனுப்பினார். பலனில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம் மேதியாவின் தொண்டையில் அந்தச் சத்தம் தொடங்கியது. எனக்குப் பழக்கமான சத்தம். என் பிள்ளைகளிடம் மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். பவுலிக்கா கட்டிலண்டை முட்டி போட்டு அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பார்க்கவும் இல்லை. பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

கத்தரியை எடுத்தது என் புருஷன்தான்.

"அவளுக்கும் வழி வேணும் சிதோரா," என்றார். "அப்பாவுக்குக் குடுத்ததை அவளுக்குக் குடுக்காம நான் எப்படி இருப்பேன்? இருட்டுல சுவத்துல முட்டிக்கிட்டுக் கிடப்பாளா எம்பொண்ணு?"

தொட்டிலில் ஆந்தியோகு காலை உதைத்துக்கொண்டு வலையைப் பார்த்துச் சிரித்தான். வலைக்கு அந்தப் பக்கம் கொசுக்கள் அப்பிக்கொண்டிருந்தன. அவர் கேட்டதும் எனக்கு நியாயமாகப்பட்டது. அதுதான் கொடுமை. வெட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது.

"கீழ வை," என்றேன். "அதைக் கீழ வை. நான் வழி காட்டுறேன்."

மேதியாவைப் போர்வையோடு தூக்கினேன். காய்ச்சலில் பாதியாகிப்போயிருந்தாள், கனமே இல்லை. உள் கதவைத் திறந்து வெளியே வந்தேன். அதை அவர் சாத்தினார். வெளிக் கதவைத் திறந்து போனேன். அதை நானே காலால் சாத்தினேன். வீட்டுக்கு வெளியே சாவது எங்களில் அநாதைக்கும் பிச்சைக்காரனுக்கும் நேர்வது. கிழவரை இப்படித் தூக்கிக்கொண்டு வரலாம் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை; தோன்றியிருந்தாலும் பவுலிக்கா விட்டிருக்கமாட்டாள். என் மகளுக்கு நான் செய்தேன். வானம் முழுக்கத் திறந்திருந்தது. இதைவிடப் பெரிய ஜன்னல் யார் வீட்டில் இருக்கிறது?

கிணற்றுக் கல்லில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஏரிப் பக்கம் சிவந்திருந்தது. கொசுக்கள் உடனே வந்தன. தலைத்துணியை அவிழ்த்து அவளுக்கு விசிறினேன். என்னைக் கடித்தன; கடிக்கட்டும் என்று விட்டேன். சாயங்கால வண்டி தூரத்தில் ஊதியது. என் புருஷன் கதவுகளை முறையாகச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார், எங்களைத் தாண்டிக் கொடியோடு கேட்டுக்குப் போனார். அவர் போகவேண்டும், வண்டிக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. சக்கரச் சத்தத்தில் அவளுடைய மூச்சு எனக்குக் கேட்கவில்லை. வண்டி போய்ச் சத்தம் அடங்கியபின் குனிந்து கேட்டேன். அப்போதும் கேட்கவில்லை.

வலைக்கு அந்தப் பக்கமிருந்து பவுலிக்கா கூப்பிட்டாள். "சிதோரா. போயிட்டாளா?"

ஆமாம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தலையை விரித்துப் போடுவாள். அவள் குரல் அடுத்த கேட் வரைக்கும் கேட்கும். ஜனங்கள் வருவார்கள், ரொட்டியும் பானையுமாக. என் மகளை உள்ளே கிடத்தவேண்டும். எவனாவது ஒரு நல்லவன் கதவுகளைக் கட்டிவைப்பான்.

"இல்ல மதினி," என்றேன். "தூங்குறா. கதவைத் தொறக்காதீங்க."

என் புருஷன் கேட்டிலிருந்து திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து, கொடியை மடியில் வைத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார்.

மேதியாவின் நெற்றியில் ஒரு கொசு உட்கார்ந்தது. விசிறினேன். இன்னொன்று வந்தது, அதையும் விசிறினேன். உள்ளே ஆந்தியோகு பசித்து அழத் தொடங்கினான். பவுலிக்கா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது, அவன் அடங்கவில்லை. அந்த அழுகைக்கு என் மார்பில் பால் சுரந்து, சட்டை நனைந்து, மேதியாவின் போர்வை வரை ஈரமாகியது.

"பால் குடுக்கணுமே," என்றார் அவர்.

அவளை எடுத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. அவர் மடியில் விட்டுவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை.

"கொஞ்ச நேரம் அழட்டும்," என்றேன்.